வட்டிக்கு வட்டி போட்ட சீமாட்டி

அப்பா பினாங்கில் லெபோ பினாங்குத் தெருவில் ஒரு செட்டியார் கிட்டங்கியில், அதாவது வட்டிக்கடையில், பெட்டியடிப் பையனாக (எடுபிடி) சேர்ந்து, மேலாளுக்கு (மேலாளர்) அடுத்த இடமான அடுத்தாள் வரைக்கும் வந்தவர். நானும் கணக்கு எழுதியே ஓய்வு பெற்றேன். எந்தப் புத்தகத்தில் எண்ணைப் பார்த்தாலும் கூட்டிப் பார்க்காமல் விடமாட்டேன்.

இந்த வாரம் மாட்டியவர் வில்லியம் கேவண்டிஷ், நியூகாசில் பிரபு. இங்கிலாந்து உள்நாட்டுப் போரில் முதலாம் சார்லஸ் மன்னருக்காக வடக்கே படை நடத்தியவர். 1644 ஜூலை 2, மார்ஸ்டன் மூரில் தோற்றதும் அரண்மனைக்காரர்களின் சிரிப்புக்கு ஆளாக மாட்டேன் என்று ஸ்கார்பரோவில் கப்பலேறி ஹாம்பர்க் போய்விட்டார். மகன்களைக் கூட்டிக்கொண்டு போனார். மகள்கள் குடும்பத்தின் வெல்பெக் வீட்டிலேயே. எதிரிப் படை வந்து உட்கார்ந்த அந்த வீட்டில் ஜேனும் எலிசபெத்தும் சேர்ந்து ஒரு நாடகம் எழுதியிருக்கிறார்கள். கெட்டிக்காரப் பெண்கள்!

முதல் மனைவி ஏற்கெனவே இறந்திருந்தார். 1645இல் பாரிஸில் மார்கரெட் லூக்காஸை மணந்தார். மாப்பிள்ளைக்கு ஐம்பது தாண்டிவிட்டது, பெண்ணுக்கு 22. மூத்த மகள் ஜேனைவிடச் சின்னம்மாவுக்கு வயது குறைவு. வீட்டில் என்ன பேசியிருப்பார்கள் என்று நமக்குத் தெரியாதா?

அப்புறம் ஆண்ட்வெர்ப். ஓவியர் ரூபன்ஸின் வீட்டை வாடகைக்கு எடுத்து, கடனிலேயே குடித்தனம். அதிலும் குதிரைகள் வாங்கிப் பழக்கியிருக்கிறார். அப்பாவின் கிட்டங்கி மேலாள் இவருக்கு ஐந்து வெள்ளி கொடுத்திருக்க மாட்டார்.

1660இல் ஊர் திரும்பினார்கள். 1667இல் மார்கரெட் கணவரின் வரலாற்றை எழுதி வெளியிட்டார். அந்தக் காலத்து லண்டன் அதிகாரி சாமுவேல் பீப்ஸ் அதைப் படித்துவிட்டு, எழுதினவள் பைத்தியம், எழுதவிட்டவன் கழுதை என்று நாட்குறிப்பில் திட்டினார். பீப்ஸுக்கு என்ன, அவர் அதில் கணக்கைப் பார்க்கவில்லை போலிருக்கிறது.

அந்தப் புத்தகத்தில் பிரபுவின் நிலங்களுக்கு ஆண்டு வாடகை வருமானம் 22,393 பவுண்டு, 10 ஷில்லிங், 1 பென்னி. போரிலும் ஊரைவிட்டுப் போயிருந்ததிலும் பதினெட்டு வருடம் கைக்கு வராமல் போனதில் 4,03,083. சரியாக இருக்கிறது. அதற்கு நூற்றுக்கு ஆறு, வட்டிக்கு வட்டி போட்டால் 7,33,579 என்கிறார் அந்தம்மா. கால்குலேட்டரை எடுத்தேன். முதலில் இடித்தது. வாடகை வருட ஆரம்பத்திலேயே வரவாகும் என்று வைத்துப் போட்டால் முப்பத்திரண்டு பவுண்டுதான் வித்தியாசம்! கையால் போட்ட கணக்கு. நிலம், காடு எல்லாம் சேர்த்து மொத்த நஷ்டம் 9,41,303 பவுண்டு.

“இது யார் வீட்டுக் கணக்கு?” என்று வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள்.

அப்பா அப்படி எழுதி வைத்ததில்லை. ஜப்பான்காரன் காலத்து வாழைமர நோட்டு, போர் முடிந்ததும் செல்லாமல் போன பணம், ஒரு பிஸ்கட் டின் நிறைய இருந்தது. எவ்வளவு என்று எண்ணவும் விடமாட்டார்.

பிரபுவும் நஷ்டத்துக்காகப் புலம்பியதில்லையாம். ஒரே ஒரு தடவைதான் அவர் முகம் வாடியதை மார்கரெட் பார்த்திருக்கிறார். அவருக்கு ரொம்பப் பிடித்த கிளிப்ஸ்டன் வனம். திரும்பி வந்து பார்த்தால் ஒதுங்கி நிற்க ஒரு மரமில்லை. இவ்வளவு பாழாகியிருக்காது என்று நம்பியிருந்தேன் என்று மட்டும் சொன்னாராம்.