தினமும் மறந்துபோன ரேடியோ

வண்டியோடு வந்த ஸ்டீரியோ ஒரு வாரமாக உயிரை வாங்கியது. சாவியைத் திருப்பினால் நன்றாகப் பாடும். அணைத்துவிட்டு வந்தால் மணி 12:00 என்று காட்டும், சேமித்து வைத்த கொடைக்கானல் எஃப்.எம். 100.5-ஐயும் காணோம்.

"செட்டே போச்சு சார், புதுசு மாட்டிடுங்க" என்றார் கடைக்காரர். 8,000 ரூபாயாம்!

அப்புறம்தான் கவனித்தேன், கதவைத் திறந்தால் உள்விளக்கும் எரியவில்லை. ஸ்டீரியோவுக்கு இரண்டு வழியில் மின்சாரம் வரும்: ஒன்று சாவி போட்டால் மட்டும், இன்னொன்று மணியையும் சேமித்த ஸ்டேஷனையும் நினைவில் வைக்க பேட்டரியிலிருந்து எப்போதும். என் வண்டியில் அந்த இரண்டாவதும் உள்விளக்கும் ஒரே ஃபியூஸில். ஸ்டியரிங்குக்குக் கீழே மூடியைக் கழற்றி, சிவப்பு நிற 10 ஆம்பியர் ஃபியூஸை உருவிப் பார்த்தால் உள்ளே கம்பி அறுந்திருந்தது.

சாலையைப் படம்பிடிக்கும் டேஷ்கேமுக்கு அங்கிருந்து வயர் இழுத்தது நான்தான். வீட்டில் இன்னும் சொல்லவில்லை. புது ஃபியூஸ் 10 ரூபாய்.