பற்குழிக்குள் வைத்த பஞ்சு

பல் பிடுங்கிய குழியில் ரத்தம் நிற்கவில்லை என்றால் கை முதலில் தேடுவது ஜெலட்டின் பஞ்சைத்தான். தொழிலின் தொடக்க ஆண்டுகளில், ரத்தம் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்பதற்கு முன்பே நானும் குழியை அடைத்துவிடுவேன். அந்தப் பழக்கம் ஒரு முதியவரால் மாறியது.

செயற்கை இதய வால்வு பொருத்தப்பட்டு, ரத்தம் உறையாமலிருக்க அசிட்ரோம் மாத்திரை உட்கொண்டுவந்தவர் அவர். "மாத்திரையை இரண்டு நாள் நிறுத்திவிட்டு வரட்டுமா, டாக்டர்?" என்று கேட்டார். வேண்டவே வேண்டாம் என்றேன். வால்வில் ரத்தம் உறைந்தால் உயிருக்கே ஆபத்து, பற்குழியிலோ ரத்தம் கசியும் இடம் நம் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்பதைக் காட்டும் ஐஎன்ஆர், அன்று காலை பார்த்தபோது 2.8. அது 4-க்குக் கீழே இருந்தால் ஒரு பல்லை எடுப்பதற்காக மாத்திரையை நிறுத்தத் தேவையில்லை. அவருடைய இதய மருத்துவரும் அதையே சொல்லியிருந்தார். பிற்பகலில் கீழ்க் கடைவாய்ப்பல் எளிதாகவே வந்துவிட்டது. பஞ்சை வைத்தேன், பத்து நிமிடத்தில் ரத்தம் நின்றதைக் கண்டு, தையல் போடாமலே அனுப்பிவைத்தேன்.

இரவு ஒன்பது மணிக்கு மனைவியுடன் திரும்பி வந்தார். குழியின் மேல் ஈரல் துண்டு போல ஒரு ரத்தக்கட்டி, அதன் ஓரமெல்லாம் கசிவு. மரப்பு ஊசியில் லிக்னோகெய்னுடன் 80,000-க்கு ஒரு பங்கு சேர்ந்திருந்த அட்ரினலின் ரத்தக்குழாய்களைச் சுருக்கி வைத்திருந்ததையே, ரத்தம் நின்றுவிட்டதாக நான் பிற்பகலில் எடுத்துக்கொண்டிருந்தேன். அதன் வீரியம் குறைந்ததும் குழாய்கள் விரிந்தன. பிடிமானம் இல்லாத பஞ்சும் எச்சிலோடு வெளியேறிவிட்டது.

கட்டியை உறிஞ்சி அகற்றி, மீண்டும் மரக்கச் செய்து, விளக்கைத் திருப்பிப் பார்த்தபோது எலும்பிலிருந்து ஒரு சொட்டும் வரவில்லை. நாட்பட்ட அழற்சியால் வளர்ந்த சதை ஈற்றின் உள்விளிம்பில் ஒட்டியிருந்தது. ரத்தம் முழுவதும் அதிலிருந்துதான். அதைச் சுரண்டி எடுத்ததுமே பெரும்பகுதி அடங்கியது. ரத்தத்தை நிறுத்தக் குழியில் வைக்கும் இன்னொரு பொருளான ஆக்சிடைஸ்டு செல்லுலோஸும் கைவசம் இருந்தது. ஆனால் அதன் அமிலத்தன்மை கீழ்த்தாடை நரம்பைப் பாதிக்கக்கூடும் என்பதால், வேர் ஆழமாக இறங்கியிருந்த அந்தக் குழியில் வைக்க மனம் ஒப்பவில்லை. அதே ஜெலட்டின் பஞ்சைத்தான் மறுபடியும் வைத்தேன், இம்முறை அதன் மேல் எட்டு வடிவத் தையலோடு.

டிரானெக்சாமிக் அமிலத்தின் அருமையையும் அன்றுதான் உணர்ந்தேன். ஜப்பானில் உத்தகோ ஒகமோத்தோவும் அவர் கணவரும் 1962-இல் அறிவித்த மருந்து அது. உறைந்த ரத்தத்தைக் கரைக்கும் இயல்பு எச்சிலுக்கு உண்டு, அதைத் தடுப்பதாலேயே இம்மருந்து வாய்க்குள் இவ்வளவு நன்றாக வேலை செய்கிறது. 5 மி.லி.யில் 500 மி.கி. உள்ள ஊசி மருந்தைச் சம அளவு உப்புநீரில் கலந்து, காஸ் துணியை நனைத்து, அரை மணி நேரம் கடித்திருக்கச் சொன்னேன். அதுவரை அவர் மனைவி அவரது கையை விடவே இல்லை.

ஏழாம் நாள் தையலைப் பிரிக்க வந்தபோது குழி சுத்தமாக ஆறிக்கொண்டிருந்தது. இப்போது இத்தகையவர்களுக்கு வாரத் தொடக்கத்தில், காலை வேளையில்தான் பல் எடுக்கிறேன். அட்ரினலின் இறங்கும் நேரத்தில் மருத்துவமனைக் கதவு திறந்திருக்கும்.