மெனிஃபோல்டு ஸ்டட் கட்டானால் ஈஸி அவுட்டைத் தொடாதீர்கள்

காலையில் சென்னை தண்டையார்பேட்டையில் வண்டியைக் கிளப்பும்போது 'டிக் டிக்' என்று கேட்கும். பாரிஸ் கார்னர் போய்ச் சேர்வதற்குள் அடங்கிவிடும். டாப்பெட் சத்தம் என்று நினைத்து வால்வு கவரைக் கழற்றுவார்கள். முதலில் எக்ஸாஸ்ட் மெனிஃபோல்டு (சிலிண்டர்களின் புகையைச் சேர்த்து வெளியேற்றும் குழாய்) இன்ஜின் ஹெட்டோடு சேரும் இடத்தில் டார்ச் அடித்துப் பாருங்கள். கேஸ்கெட் ஓரத்தில் கரி படிந்திருந்தால் புகை அங்கேதான் கசிகிறது. இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது இடைவெளி திறந்திருக்கும். சூடேறி மெனிஃபோல்டு விரிந்ததும் அடைபடும், சத்தமும் நின்றுவிடும். கூடவே ஒரு நட், ஸ்டட்டின் முனையோடு காணாமல் போயிருந்தால் சந்தேகமே வேண்டாம்.

மெனிஃபோல்டை ஹெட்டோடு பிடித்திருக்கும் ஸ்டட் (இரு முனையிலும் மரையுள்ள, தலையில்லாத போல்ட்) கட்டாவது பெரும்பாலும் முதல் அல்லது கடைசி சிலிண்டர் பக்கம்தான். 40 செ.மீ. நீள வார்ப்பிரும்பு மெனிஃபோல்டு 500 டிகிரி கூடுதலாகச் சூடேறினால் ஏறக்குறைய 2.2 மி.மீ. நீளும். அது உட்கார்ந்திருக்கும் அலுமினிய ஹெட் தண்ணீரால் குளிர்வதால் 100 டிகிரியைச் சுற்றியே நிற்கும், 0.6 மி.மீ.தான் நீளும். மிச்சம் ஒன்றரை மி.மீ. இரண்டு முனைகளிலும் பங்காகிறது. ஓரத்து ஓட்டைகளைப் பெரிதாக விட்டிருப்பது மெனிஃபோல்டு அங்கே வழுக்கிப் போகத்தான். துரு ஏறி இறுகிவிட்டாலும், நட்டை முரட்டுத்தனமாக முறுக்கியிருந்தாலும் அது வழுக்காது. ஒவ்வொரு முறை சூடேறி ஆறும்போதும் ஸ்டட்டைத்தான் வளைக்கும். கம்பியை முன்னும் பின்னும் வளைத்து ஒடிப்பதற்கும் இதற்கும் வித்தியாசமில்லை.

காசிமேட்டில் மீன் லோடு அடிக்கும் ஆம்னிகளில் ஐஸ் தண்ணீரும் உப்புக் காற்றும் இதைச் சீக்கிரமாக்குகின்றன. மழையில் கணேசபுரம் சுரங்கப்பாதைத் தண்ணீரில் சூடான மெனிஃபோல்டோடு இறங்கினால் மெனிஃபோல்டே கோணிக்கொள்ளலாம், விரிசலும் விடலாம். சத்தம்தானே என்று அப்படியே ஓட்டவும் கூடாது. கசிவு ஆக்சிஜன் சென்சாருக்கு முன்னால் இருந்தால் வெளிக்காற்று உள்ளே இழுபட்டு சென்சார் தப்பாகப் படிக்கும், பெட்ரோல் கூடுதலாகப் போகும். கார்பன் மோனாக்சைடு கேபினுக்குள் வரும் என்பது அதைவிட ஆபத்து.

இனி வேலை. கட்டாகாத மற்ற ஸ்டட்களையும் காப்பாற்ற வேண்டும் என்பதை மறந்துவிட்டு 12-ஆம் நம்பர் ஸ்பானரில் பைப் மாட்டி முறுக்குபவர்கள்தான் ஒன்றை மூன்றாக்குகிறார்கள். முந்தின நாள் மாலை ஒரு முறையும் மறுநாள் காலை ஒரு முறையும் ஊடுருவும் ஆயில் அடியுங்கள். ஏடிஎஃப்பும் (ஆட்டோமேட்டிக் கியர் ஆயில்) அசிட்டோனும் சரிபாதி கலந்தாலும் நன்றாக வேலை செய்யும். ஆனால் அசிட்டோன் தீப்பிடிக்கும். அது முழுதும் உலராமல் கேஸ் டார்ச் பக்கம் போகக் கூடாது. பிறகு நட்டை மட்டும் சூடு காட்டி, முதலில் இறுக்கும் பக்கம் ஒரு நூலளவு, அப்புறம் அவிழ்க்கும் பக்கம் என்று ஆட்டி ஆட்டி எடுங்கள். 'கிறீச்' என்று சத்தம் வந்தால் நிறுத்தி மறுபடி ஆயில்.

மெனிஃபோல்டு கழன்றதும் கட்டான துண்டு எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது என்று பாருங்கள். 6 மி.மீ.க்கு மேல் இருந்தால் நல்ல வைஸ் கிரிப் போதும். நீட்டல் குறைவு, அல்லது ஹெட்டோடு சமமாகக் கட்டாகியிருக்கிறது என்றால் நட் வைத்து வெல்டிங் செய்வதுதான் எல்லாவற்றிலும் சிறந்த வழி. எஃகு வெல்டு அலுமினியத்தோடு ஒட்டாது என்பதால் ஹெட் தப்பிக்கும். எம்8 (8 மி.மீ. மரை) ஸ்டட்டுக்கு எம்10 நட்டை வையுங்கள், உள்ளே வெல்டு இறங்க இடம் கிடைக்கும். துண்டு சமமாக இருந்தால் முதலில் ஒரு வாஷரை வைத்து நடுவில் வெல்டு ஏற்றி, அதன்மேல் நட். துத்தநாகம் பூசிய நட் வேண்டாம், புகை நெஞ்சைப் பிடிக்கும், வெல்டும் உறுதியாக நிற்காது. கறுப்பு நட் போதும். மிக் வெல்டிங் கிடைக்காவிட்டால் 2.5 மி.மீ. ராட், 80 ஆம்பியர் சுற்றி. பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, ஈசியூ (இன்ஜினின் கம்ப்யூட்டர்) பிளக்கையும் உருவி, எர்த் கிளாம்பை ஹெட்டுக்கு மிக அருகில் மாட்டுங்கள். பெட்ரோல் லைன் பக்கத்தில் இருந்தால் ஈரச் சாக்கு போட்டு மூடுங்கள்.

பலர் சொதப்புவது இதற்கு அடுத்த நிமிடத்தில். வெல்டு வைத்ததும் செக்கச்செவேல் என்று இருக்கும்போதே ஸ்பானர் போட்டால் நட் திருகிப் பிய்ந்துவிடும். சிவப்பு முழுக்க மறையட்டும். அந்தச் சூட்டில் ஸ்டட் விரிந்து துருவை நசுக்கும், ஆறும்போது சுருங்கி இடம் விடும். நட்டின் ஓரத்தில் மெழுகுவத்தியைத் தொட்டால் மெழுகு உருகி மரைக்குள் ஓடும். அப்போது மெல்ல ஆட்டுங்கள். நட் பிய்ந்தால் பயப்பட வேண்டாம், மறுபடி வெல்டு வையுங்கள். மூன்று நான்கு முறை வைத்த பிறகு வந்துவிட்டால் அது தோல்வி இல்லை, ஒவ்வொரு வெல்டின் சூடும் துருவை உடைக்கும் வேலையைச் செய்துகொண்டுதான் இருந்திருக்கும்.

ஹெட்டை கேஸ் டார்ச்சில் சூடாக்குவது பற்றி ஒரே எச்சரிக்கை: அலுமினியம் 660 டிகிரியில் உருகும், வார்ப்பு அலாய்கள் அதற்கும் முன்னால். இரும்பு மாதிரி சிவந்து காட்டாமல் திடீரென இளகிவிடும். 150 டிகிரிக்கு மேல் போகத் தேவையே இல்லை. பழைய அம்பாசடரின் பி சீரிஸ் இன்ஜின் மாதிரி இரும்பு ஹெட் என்றால் அந்தக் கவலை குறைவு.

வெல்டும் முடியாத இடத்தில்தான் டிரில். டிரில்லின் எதிரி, எஃகைவிட்டு மெத்தென்ற அலுமினியத்துக்கு நழுவும் புத்தி. துண்டின் முகத்தைத் தட்டையாக்கி, நட்டநடுவில் சென்டர் பஞ்ச். அதைவிட மேலான வழி: வியாசர்பாடி பக்கம் ஒரு லேத் பட்டறையில் மெனிஃபோல்டின் ஓட்டைக்குப் பொருந்தும் வெளிவிட்டத்தில், 4 மி.மீ. உள்துளையோடு ஒரு புஷ் (டிரில்லுக்கு வழிகாட்டும் குழல்) கடைந்து வாங்குங்கள். நல்ல ஸ்டட்களில் மெனிஃபோல்டை மாட்டி, புஷ்ஷை நுழைத்தால் டிரில் நேராக இறங்கும். ஓரத்து ஓட்டை பெரியது என்பதால் அங்கே மட்டும் புஷ்ஷின் மையமும் ஸ்டட்டின் மையமும் விலகலாம். கண்ணால் சரிபார்த்துக்கொண்டே வையுங்கள்.

கோபால்ட் கலந்த இடக்கை டிரில் பிட்டை ரிவர்ஸில், குறைந்த வேகத்தில், கட்டிங் ஆயிலோடு ஓட்டினால் பாதி நேரம் துண்டே பிட்டோடு சுழன்று வெளியே வந்துவிடும். ஆழம் தெரிய பிட்டில் ஒட்டும் டேப் சுற்றிக்கொள்ளுங்கள். சில ஹெட்களில் ஸ்டட் ஓட்டை தண்ணீர்ப் பாதைக்குள் திறக்கும். அப்படியிருந்தால் கூலன்ட்டை முதலிலேயே வடித்துவிட்டு, புது ஸ்டட்டின் மரையில் சூடு தாங்கும் சீலன்ட் போட வேண்டும். 4-ல் தொடங்கி 6.5 மி.மீ. வரை ஏறினால், நடு விலகாதவரை மெல்லிய சுருள்தான் மிஞ்சும். குத்தூசியால் உரித்து எடுத்துவிட்டு எம்8×1.25 டேப்பை (மரை வெட்டும் கருவி) கையால் மட்டும் ஓட்டுங்கள்.

ஈஸி அவுட்? கட்டான துண்டில் துளை போட்டு, அதற்குள் இறக்கித் திருகி எடுக்கும் கருவி. அது கூம்பு வடிவம், உள்ளே இறங்க இறங்க ஸ்டட்டை வெளிப்புறமாக விரித்து மரையோடு இன்னும் இறுக்கும். கடினப்படுத்திய எஃகு என்பதால் வளையாது, பட்டென்று முறியும். உள்ளே முறிந்துவிட்டால் சாதாரண பிட் அதன்மேல் சறுக்கும். ஹெட்டைக் கழற்றி ஸ்பார்க் எரோஷன் (மின்பொறியால் உலோகத்தை அரித்தெடுப்பது) செய்பவரைத் தேட வேண்டியதுதான். மரை கெட்டுப்போயிருந்தால் 8.3 மி.மீ. பிட் ஓட்டி எம்8 ஹெலிகாயில் (மரைக்குப் பதிலாகப் போடும் கம்பிச் சுருள்) போடலாம், ஸ்டட் நன்றாகவே நிற்கும்.

மாட்டும்போது மெனிஃபோல்டு முகத்தில் நேர்விளிம்பும் ஃபீலர் கேஜும் வைத்துப் பாருங்கள். 0.1 மி.மீ.க்கு மேல் கோணல் என்றால் சர்ஃபேஸ் கிரைண்டிங். இதை விட்டுவிட்டுப் புது கேஸ்கெட் போட்டால் சில மாதத்தில் அதே ஸ்டட் மறுபடி போகும். கட்டாகாத பழைய ஸ்டட்களையும் ஒருசேர மாற்றிவிடுங்கள். புது ஸ்டட்டில் இரண்டு நட்டை ஒன்றோடொன்று இறுக்கிப் பூட்டி, அடியைத் தொடும்வரை மட்டும் இறக்குங்கள், அதற்கு மேல் முறுக்க வேண்டாம். நைலான் நட் உருகும், செம்பு பூசிய நட் வாங்குங்கள். நட்டின் மரைக்குக் கொஞ்சம் செப்பு ஆன்டி-சீஸ். நடுவிலிருந்து ஓரத்துக்கு, இரண்டு மூன்று சுற்றாக இறுக்குங்கள். எம்8-க்கு பெரும்பாலும் 20 முதல் 25 நியூட்டன் மீட்டர், உங்கள் வண்டியின் மேனுவல் சொல்வதே கணக்கு. டார்க் ரெஞ்ச் இல்லையென்றால் கடன் வாங்குங்கள். ஒருமுறை நன்றாகச் சூடேற்றி, முழுக்க ஆறவிட்டு, மேனுவல் அனுமதித்தால் மறுபடி அதே டார்க்கில் தொட்டுப் பாருங்கள். மறுநாள் காலை முதல் ஸ்டார்ட்டில் பானட்டைத் திறந்து வைத்துக் காது கொடுங்கள்.