கரியா, கேஸா: சுங்கை சிப்புட் வீட்டின் பின்கட்டில்

மதுரையிலிருந்து கல்யாணமாகி மலேசியாவின் சுங்கை சிப்புட்டுக்கு வந்த முதல் வருஷம். டிசம்பர் 31 ராத்திரி பின்கட்டில் மீனும் கோழியும் சுடலாம் என்று வீட்டுக்காரர் சொன்னார். ஈப்போவில் கடை பார்க்கப் போனோம். கேஸ் பார்பிக்யூ பளபளவென்று நின்றது. குமிழைத் திருகினால் தீ, பத்து நிமிஷத்தில் சூடு. மாடி வீட்டில் வளர்ந்த எனக்கு கேஸைத் தவிர வேறு அடுப்பே பழக்கமில்லை. 14 கிலோ சிலிண்டர் மானிய விலையில் 26 வெள்ளி 60 காசுக்குக் கிடைக்கிறது (ரிங்கிட்டை இங்கே வெள்ளி என்றுதான் சொல்கிறோம்). அடுப்பின் விலைதான் ஆயிரத்தைத் தாண்டியது.

அத்தை கேட்டதும், "அதுக்கு இவ்வளவு காசாம்மா? கரி வாங்கிட்டு வரச் சொல்லு" என்றார். தோட்டத்தில் பால்மரம் சீவியவர். ரப்பர் போய்ச் செம்பனை (எண்ணெய்ப் பனை) வந்து, தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீட்டை விட்டுத் தாமானுக்கு (குடியிருப்புப் பகுதிக்கு) குடிவந்தபோதும், பாதியாக அறுத்த தகர டிரம் ஒன்றைக் கையோடு கொண்டுவந்திருந்தார்.

கரி வாங்க கோலா செப்பெத்தாங் வரை போனோம். பழைய பெயர் போர்ட் வெல்ட். மலாயாவின் முதல் ரயில் 1885இல் தைப்பிங்கிலிருந்து அங்கேதான் ஓடியது. பக்கத்து மாத்தாங் சதுப்புக் காட்டில் வெட்டும் பக்காவ் (அலையாத்தி) மரத்தை, பட்டை உரித்து, கவிழ்த்த பானை மாதிரி இருக்கும் பெரிய செங்கல் சூளைகளில் வாரக்கணக்கில் வேகவைக்கிறார்கள். சூளைக்காரர்கள் புகையின் வாசனையை வைத்தே பக்குவம் சொல்கிறார்கள். இரண்டு துண்டைத் தட்டிப் பார்த்தேன், வெண்கலம் மாதிரி 'ணங்' என்றது.

பற்றவைப்பதை அத்தைதான் சொல்லிக்கொடுத்தார். மண்ணெண்ணெய் கூடாது, மீனில் வாடை ஏறிவிடும். அந்த டிரம்மின் அடியில் காய்ந்த தேங்காய் மட்டை, மேலே கரி, அப்புறம் விசிறி. அரை மணி நேரம் பொறுக்க வேண்டும். கருப்பு மறைந்து மேலே வெள்ளைச் சாம்பல் படிந்தபோது, "இப்ப வை" என்றார். நீறு பூத்த நெருப்பு என்று எத்தனையோ தடவை சொல்லியிருப்பேன், கண்ணால் பார்த்தது அன்றைக்குத்தான்.

சம்பல் (அரைத்த மிளகாய் மசாலா) தடவி வாழையிலையில் சுற்றிய கெம்போங் மீனை (நம்மூர் அயிலைதான்) வைத்தோம். கோழிக்கு எண்ணெய் தடவ, நுனி நசுக்கிய செராய் (எலுமிச்சைப் புல்) தண்டுதான் தூரிகை. கரியின் புகைதான் ருசி என்று நினைத்திருந்தேன். நன்றாகக் கனிந்த தணலில் புகை கொஞ்சம்தான். கொழுப்பு சொட்டித் தணலில் பட்டுப் பொசுங்கும்போது எழும் ஆவியே அந்த வாசனையைத் தருகிறது. கேஸ் அடுப்பிலும் சூடான தகட்டில் சொட்டினால் அது வரும். ஆனால் கேஸ் எரியும்போது நீராவியும் சேர்ந்து வருகிறது. தணலோ வறண்ட சூடு, தோல் மொறுமொறுப்பாகிறது. எனக்கு அந்த வித்தியாசம் முதல் வாயிலேயே தெரிந்தது.

அவசரத்துக்கும் ஆளில்லாத வீட்டுக்கும் கேஸ் நல்லதுதான். வாங்கினால் குழாய் இணைப்பில் சோப்புத் தண்ணீர் தடவி, குமிழி வருகிறதா என்று பார்த்துவிடுங்கள். எங்களுக்கு விசிற மாமா, மீன் திருப்ப நாத்தனார், பேச வேலி தாண்டி வரும் பக்கத்து வீட்டு அக்கா எல்லோரும் இருக்கிறார்கள். அந்த அரை மணி நேரத்தில்தான் தோட்டத்துக் கதையெல்லாம் கேட்டேன்.

ஒன்றில் மட்டும் அத்தை கண்டிப்பு. மழை எவ்வளவு கொட்டினாலும் தணலை வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை, மூடிய அறையில் ஆளையே கொன்றுவிடும்.

எல்லோரும் சாப்பிட்டதும், மிஞ்சிய தணலை இடுக்கியால் எடுத்துப் பழைய பிஸ்கட் டின்னில் போட்டு இறுக மூடினார். காற்றில்லாமல் அது அணைந்தது. காலையில் திறந்தேன். பாதி டின் கரி அப்படியே இருந்தது, அடுத்த சனிக்கிழமைக்கு.