கடினமான மென்பொருளில் விளையாட்டு எங்கே இருக்கிறது?

கடினமான மென்பொருளைச் சுவாரசியமாக்க வேண்டும் என்றதும் பலர் பதக்கம், புள்ளி என்று சேர்க்கத் தொடங்குகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. 1979இல் வந்த விசிகால்க் என்ற விரிதாள் (எக்செல் போன்ற கணக்கு அட்டவணை) மென்பொருளைப் பாருங்கள். ஓர் எண்ணை மாற்றினால் அதைச் சார்ந்தவை எல்லாம் கண்ணெதிரே மாறின. 'இதைக் கூட்டினால் என்ன ஆகும்?' என்று கணக்கோடு விளையாட முடிந்தது. 1983இல் கணினி அறிவியலாளர் பென் ஷ்னைடர்மன் இத்தகைய கருவிகளின் இயல்புகளை விளக்கினார்: பொருள் திரையில் இருக்கும், விளைவு உடனே தெரியும், செய்ததைத் திரும்பப் பெறலாம்.

அந்தக் கடைசி விஷயம்தான் எனக்கு உயிர். அன்டூவை, அதாவது செய்ததைத் திரும்பப் பெறும் வசதியை, நம்ப முடிந்தால் புதியவர்கூடப் பயமில்லாமல் எல்லாவற்றையும் அழுத்திப் பார்ப்பார். புதிதாகக் கருவி உருவாக்கும் நண்பர்களே, அன்டூவைத் தொடக்கத்திலேயே கட்டிவிடுங்கள். அப்புறம் ஒட்டவைப்பது பெரும்பாடு.