தம்பிக்கு உதவித்தொகை வாங்கிய கதை

உதவித்தொகை கேட்க முதலில் மாற்றுத்திறனாளி சான்றிதழும் அடையாள அட்டையும் வேண்டும். அவற்றுக்கு யுடிஐடி இணையதளத்தில் விண்ணப்பிப்பது எளிது. ஆதார், புகைப்படம், முகவரிச் சான்று இருந்தால் முடிந்துவிடும். எங்களைத் திணறடித்தது அதன் பிறகு வந்த மருத்துவ மதிப்பீடு.

தம்பிக்கு மனச்சிதைவு நோய். "கை கால் நன்றாக இருப்பவனை மாற்றுத்திறனாளி என்று ஏன் எழுதிக்கொடுக்க வேண்டும்?" என்று அம்மா முரண்டு பிடித்தார். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சொல்லும் 21 வகைகளில் மனநோயும் ஒன்று என்ற விளக்கமெல்லாம் எடுபடவில்லை. மாத்திரைச் செலவுதான் அவரைச் சம்மதிக்க வைத்தது.

மனநோய்க்கு ஐடியாஸ் என்ற அளவுகோலை வைத்திருக்கிறார்கள். தன்னைப் பராமரித்துக்கொள்வது, பிறருடன் பழகுவது, பேசிப் புரிந்துகொள்வது, வேலை ஆகிய நான்குக்கும் தலா 4 மதிப்பெண் வரை; இயலாமை கூடினால் மதிப்பெண்ணும் கூடும். நோய் நீடித்த காலத்துக்கு இன்னொரு 4 வரை. மொத்தம் 20. இதில் 7 வந்தால்தான் 40 சதவீத பாதிப்பு என்று சான்றிதழில் எழுதுவார்கள். அதற்குக் கீழே போனால் பெரும்பாலான சலுகைகள் கிடைக்காது.

மதிப்பீட்டு நாளன்று அம்மா தம்பிக்குச் சவரம் செய்வித்து, இஸ்திரி போட்ட சட்டை மாட்டி அழைத்து வந்திருந்தார். "தினமும் குளிப்பீர்களா?" என்று மருத்துவர் கேட்டார். "ஆமாம்" என்றான். பொய் இல்லை. யாராவது வாளியை நிரப்பிவைத்துக் கதவருகே நின்று சொல்லிக்கொண்டே இருந்தால் குளிப்பான். நல்ல வேளையாக அவர் அம்மாவின் பக்கம் திரும்பி, "நீங்கள் ஒரு வாரம் இல்லாவிட்டால்?" என்றார். அம்மாவுக்குப் பேச்சு வரவில்லை. நான் எழுதி வைத்திருந்த தாளை நீட்டினேன்: மாத்திரையை யார் எடுத்துக் கொடுக்கிறார்கள், வேலை எப்போது நின்றது, இரவில் யார் விழித்திருக்கிறார்கள். விண்ணப்பிக்கப்போகிறவர்கள் இதையாவது செய்துவிடுங்கள். வீட்டார் எவ்வளவு நன்றாகக் கவனிக்கிறார்களோ, அவ்வளவுக்கு நோயாளியின் இயலாமை கண்ணுக்குத் தெரியாமல் போகிறது. பழைய மருத்துவச் சீட்டுகளைத் தேதிவாரியாக அடுக்கிக் கொண்டுபோங்கள். நோய் எத்தனை ஆண்டுகளாக இருக்கிறது என்பதற்கு அவைதான் சாட்சி.

பிறகு வருமானச் சான்று, வங்கிக் கணக்கு என்று வழக்கமான அலைச்சல். பணம் இப்போது தம்பியின் கணக்கில் வருகிறது. மாத்திரைக்கு ஆகிறது. வேலையை விட்டுவிட்டு அவனைப் பார்த்துக்கொள்ளும் அம்மாவுக்கென்று எதுவும் இல்லை. அதிக ஆதரவு தேவைப்படுவோருக்குப் பராமரிப்பாளர் படி உண்டு என்று அதே சட்டத்தின் 24ஆம் பிரிவு சொல்கிறது. அதைக் கேட்டு அடுத்த மனுவை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

சம்பளக்காரர்களுக்கு ஒன்று: வருமான வரியின் பழைய முறையில், நம்மைச் சார்ந்திருக்கும் உடன்பிறப்புக்காக 75,000 ரூபாய் கழிவு கேட்கலாம். பாதிப்பு 80 சதவீதத்தை எட்டினால் 1,25,000. இதற்கும் அதே மாற்றுத்திறனாளி சான்றிதழ்தான்.