ஷிஃப்ட்டும் பேஜ் அப்பும்

அன்று செருப்பை வாசலில் விட்டு ஏசி லேப்புக்குள் நுழைந்தால் எதிரே லினக்ஸ் கன்சோலின் கறுப்புத் திரைதான்: 80 நெடுவரிசை, 25 வரி. கம்பைல் பிழைகள் மளமளவென்று மேலே ஓடிவிட்டால் ஷிஃப்ட்டோடு பேஜ் அப். வெளிநாட்டில் சர்வர் பார்க்கும் நம்மவர் விரல்கள் இன்றும் அங்கேதான் போகின்றன. இப்போது அழுத்தினால் ஒன்றும் நகராது.

மேலே ஓடிய வரிகளைத் தேக்கிவைத்த இடம் அன்றும் பெரிய கிடங்கு இல்லை. எழுத்துக்கு ஒரு பைட், அதன் நிறத்துக்கு ஒரு பைட் என்று திரைக்கு 4,000 பைட். விஜிஏ அட்டையின் 32 கேபியில் எட்டுத் திரை அடங்கும், அவ்வளவே. எழுத்துகளைப் புள்ளி புள்ளியாக வரையும் ஃப்ரேம்பஃபர் திரை வந்த பிறகு நிலைமை இன்னும் மோசம். 1920×1080 திரையில் 8×16 எழுத்துரு என்றால் வரிக்கு 480 பைட். அதே 32 கேபியில் 68 வரிதான். அதனால்தான் பூட் வரியில் (கணினி தொடங்கும்போது கர்னலுக்குக் கொடுக்கும் கட்டளை வரி) ‘எஃப்பிகான்=ஸ்க்ரோல்பேக்:128கே’ என்று சேர்த்து 273 வரியாக்கினோம்.

2020இல் லினக்ஸின் மையமான கர்னல், 5.9 பதிப்பில், பின்னோக்கி உருட்டும் அந்த நிரலையே நீக்கிவிட்டது. பராமரிக்க ஆளில்லாமல் கிடந்த நிரல். திரை அளவு மாறும்போது நினைவக எல்லையைத் தாண்டி எழுதும் பிழையும் அதில் இருந்தது. நீக்கியது சரி என்றே சொல்வேன். பழைய பூட் வரியை இன்றும் சேர்த்தால் பலன் வராது, கர்னல் பதிவில் ஓர் எச்சரிக்கை வரி மட்டும் விழும். பலர் மணிக்கணக்கில் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

இனி டீமக்ஸ்தான் வழி. ஒரே திரைக்குள் பல ஜன்னல்களைத் திறந்து, ஓடிய வரிகளைத் தானே சேமித்துவைக்கும் நிரல் அது. ஹோம் அடைவிலுள்ள ‘.டீமக்ஸ்.கான்ஃப்’ கோப்பில் ‘செட் -ஜி ஹிஸ்டரி-லிமிட் 50000’ என்று எழுதுங்கள். எழுதாவிட்டால் 2,000 வரி. ஏற்கெனவே திறந்திருக்கும் ஜன்னலுக்கு இது பொருந்தாது, புதிதாகத் திறக்க வேண்டும். கன்ட்ரோல்-பி, பிறகு இடது சதுர அடைப்புக்குறி, பிறகு பேஜ் அப். வெளியே வர க்யூ. ஒவ்வொரு ஜன்னலும் தனியாக நினைவகம் எடுக்கும், சின்ன சர்வரில் எண்ணிக்கையைக் குறையுங்கள். இதே வேலையைச் செய்யும் ஸ்க்ரீன் நிரலில் பழகியவர்களுக்கு ‘டெஃப்ஸ்க்ரோல்பேக் 10000’. அதில் இயல்பு வெறும் 100 வரி.

லாகின் ஆவதற்கு முன் ஓடிய வரிகளை டீமக்ஸ் பார்த்திருக்காது. அவற்றுக்கு, பூட் ஆனது முதலான பதிவைக் காட்டும் ‘ஜர்னல்சிடிஎல் -பி’, அல்லது கர்னல் செய்திகளைக் காட்டும் ‘டிமெசேஜ்’ (dmesg) வெளியீட்டைப் பக்கம் பக்கமாகக் காட்டும் ‘லெஸ்’ஸுக்குள் அனுப்புவது. டிமெசேஜில் ஆரம்ப வரிகள் அடித்துப்போயிருந்தால் பூட் வரியில் ‘லாக்_பஃப்_லென்=4எம்’.

கர்னலே மீள முடியாத பிழையில் பேனிக் ஆகி நின்றால் இவை எதுவும் கைகொடுக்காது. சீரியல் போர்ட் உள்ள இயந்திரத்தில் பூட் வரியில் ‘கன்சோல்=டிடிஒய்எஸ்0,115200’ (console=ttyS0,115200) சேர்த்து, இரு கணினிகளை நேரடியாக இணைக்கும் நல் மோடம் (null modem) கேபிளால் இன்னொரு கணினியில் பதிவு செய்யுங்கள். ஊருக்கு வரும்போது ரிச்சி தெருவில் யுஎஸ்பி சீரியல் கேபிள் ஒன்று வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.